பாலத்தடி சிப்பிக்கடையின் உண்மை வரலாறு

அன்பு மருமகள் பாவ்சூவுக்கு, தாய்மாமன் எழுதுவது. நீயும் பச்சைக் குழந்தையும் சுகம்தானே? இஞ்சிக் கோழியை மிச்சம் வைக்காமல் சாப்பிடு. பிரசவ மாதம் முடியும்வரை வாசல் காற்றில் நிற்காதே.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன், யார் கேட்டார்கள்? நீ கடையை என்னிடம் விட்டுப் பிரசவத்துக்குப் போனதுமே தொல்லியல் துறை அதிகாரி கோ என்பவர் அளவு நாடாவோடு வந்து, "இது ஆயிரம் வருஷப் பழசான சோங் வம்சத்துக் கல்பாலம். வரலாற்றுல இல்லாத கடை இங்க இருக்கக்கூடாது, எடுத்துடுங்க" என்றார். கடை போனால் உன் பிழைப்பே போச்சே! நான் பதறவில்லை. முட்டையும் வள்ளிக்கிழங்கு மாவும் கலந்து ஒரு சிப்பி அடை சுட்டு அவர் முன்னால் வைத்தேன்.

"இந்தப் பாலம் ஏன் இன்னும் விழல, சொல்லுங்க?"

"தூணெல்லாம் சிப்பி வளர்த்தாங்க. அது கல்லைக் கவ்விப் பிடிச்சிருக்கு. சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே."

"அந்த யோசனை யாருக்கு வந்துச்சு?"

"தலைமைப் பொறியாளருக்கு."

"அவருக்குத் திங்கத்தான் தெரியும்! இதே இடத்துல கொத்தனாருங்களுக்கு அடை சுட்டுப் போட்டாளே ஒருத்தி, அவ மீந்துபோன சிப்பியை ஆத்துல கொட்டினா. அது கல்லுல ஒட்டிக்கிச்சு. அதைப் பார்த்துத்தான் அவருக்குப் புத்தி வந்துச்சு. கடை பாலத்தடிக்கு வரல ஐயா, கடையடிக்குத்தான் பாலம் வந்துச்சு!"

பக்கத்து டீக்கடை ஆ-ஜின் சும்மா இருப்பாளா? "போன வருஷம் பாலத்தைக் கட்டினதே உங்க முப்பாட்டன்னு சொன்னீங்களே, அண்ணே?"

"அவ கையால தின்னுட்டுத்தான்டி கட்டினாரு!"

அதிகாரி இரண்டாவது அடை கேட்டார். மூன்றாவதில் கண்கலங்கினார். மிளகாய்ச் சாந்து கொஞ்சம் கூடுதல்தான், இருந்தாலும் வரலாறுதான் காரணம் என்பேன். இப்போது உன் கடை பாலத்தோடு சேர்ந்த புராதனச் சின்னம், யாரும் தொட முடியாது. அடை சுட்ட அந்த அம்மாள் பெயரில் வாசலில் கல்லே நட்டுவிட்டார்கள். எல்லாம் உன் மாமனின் படிப்பு! நாலாம் வகுப்பே இப்படியென்றால், ஐந்தும் முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

கடல் தாயின் கருணை உன் பிள்ளைக்கு என்றும் இருக்கட்டும்.

உன் தாய்மாமன்,
லின் ஷுய்கெங்

பின்குறிப்பு: அவள் பெயரென்ன என்று அதிகாரி திடீரென்று கேட்டதில் வாயில் உன் பெயர்தான் வந்தது. பிள்ளை வரம் வேண்டி ஊர்ப் பெண்கள் தினமும் அந்தக் கல் முன்னால் உனக்கு ஊதுபத்தி ஏற்றி ஆரஞ்சு வைக்கிறார்கள். நல்ல இனிப்பு. நீ திரும்பி வந்ததும், யார் கேட்டாலும் அந்தப் பெயர் உனக்குப் பரம்பரையாக வந்தது என்று சொல்லிவிடு. மற்றதெல்லாம் சத்தியம், அப்படி ஒரு பொம்பளை இருந்தாள் என்பது மட்டும்தான் நான் கட்டிவிட்டது.