நூறு விழுக்காடு மஞ்சள்

மொச்சைக்கு மஞ்சள் தேமல் நோய் வந்தால் அதை முறைப்படி மஞ்சள் என்று அறிவிக்க வேண்டியது அரசின் கடமை. வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ் அது. இலை மஞ்சளாகும், காய் சூம்பும். அரசு அறிவிக்கும்வரை அது நோயே அல்ல.

எனவே ஜவ்வாது மலையில் மூன்று நாள் மறியல் செய்தோம். நாளுக்கு வருவது ஒரு பேருந்து. அதை மறித்தோம். உள்ளே இருந்தவர்களும் எங்கள் ஊர்க்காரர்களே என்பதால் இறங்கி எங்களோடு உட்கார்ந்துகொண்டார்கள். முப்பது ஆண்டுகளாக நான் தலைமை தாங்கிய போராட்டங்களில் முழு வெற்றி பெற்றது இதுதான். 'நூறு விழுக்காடு பாதிப்பு' என்று அறிவிப்பு வந்தது. வாசகம் நான் எழுதிக் கொடுத்தது. நிவாரணமாக அடுத்த ஆடிக்கு நோய் எதிர்ப்பு ரக விதை இலவசம்.

கார்த்திகையில் வேளாண் அலுவலர் கோகுல்ராஜ் சரிபார்க்க வந்தார். நானும் கூடவே நடந்தேன். கொல்லைக்குக் கொல்லை மஞ்சள். மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டே போனவர், செந்தாமரையின் கொல்லையில் நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது?"

"மொச்சை, சார்."

"அது தெரியுது. ஏன் பச்சையா இருக்குது?"

"செடின்னா பச்சையாத்தான் சார் இருக்கும்."

"வெள்ளை ஈ வரலையா?"

"வந்துச்சி. குந்திச்சி. போய்டுச்சி. மஞ்சள் வுழுந்த செடியில காயைப் பறிச்சிக் குழம்பு வைப்பேன் சார். பச்சையா நின்ன செடியில மட்டுந்தான் விதை எடுப்பேன். பதினோரு வருசமா இப்படித்தான்."

"அதாவது, எதிர்ப்புச் சக்தி இதோட பிறப்புலயே இருக்குதுன்றீங்க. ரகத்தோட எண் இன்னா?"

"மொச்சைக்கு எதுக்கு சார் எண்ணு?"

கோகுல்ராஜ் என்னைப் பார்த்தார். "ஐயா, நூறுன்னு அறிக்கை மேல போய்டுச்சி. இதைச் சேர்த்தா தொண்ணூத்தொம்பது. அப்புறம் அறிக்கையே பொய். பொய் அறிக்கைக்கு விதை எப்படிக் குடுப்பாங்க?"

"பாதிப்பு இல்லன்னு எழுதிக்கங்க சார்," என்றாள் செந்தாமரை.

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லம்மா. பாதிப்பு, கடும் பாதிப்பு, ரெண்டுதான்."

"செடியே இல்லாத கொல்லை?" என்று கேட்டது நான்தான்.

"அது கடும் பாதிப்பு!" என்றார் அவர். முகம் தெளிந்துவிட்டது.

"அண்ணா, பிஞ்சு வுட்டிருக்குதுண்ணா," என்றாள் அவள். "தை வரைக்கும் வுடுங்க, விதை எடுத்துக்கறேன். வூட்ல ஒரு பிடி கூட இல்ல. இருந்ததெல்லாம் இதுலதான் கிடக்குது."

ஊரைக் கூட்டி அரை மணி நேரம் பேசினேன். ஒரு தனிநபரின் பசுமைக்காக ஓர் ஊரே வாட வேண்டுமா என்று கேட்டேன். கைதட்டல் மலைக்கு அந்தப் பக்கம் காவலூருக்கே கேட்டிருக்கும். முதல் செடியை நான் பிடுங்கினேன். லேசில் வரவில்லை. மற்றவற்றை ஊரார் ஒற்றுமையாகப் பிடுங்கினார்கள்.

ஆடியில் விதை வந்தது. பை பளபளப்பு. 'நோய் எதிர்ப்பு ரகம்' என்று கொட்டை எழுத்து. இருபத்தைந்தாம் நாள் இலைகள் பையைவிடப் பளபளப்பாக மஞ்சளாயின.

கோகுல்ராஜைப் போனில் பிடித்தேன்.

"ஐயா, அந்த எதிர்ப்பு சமவெளி வைரஸுக்கு. உங்க மலையில சுத்தறது வேற ஜாதி வைரஸ். அதைத் தாங்கற செடி உங்க மலையிலதான் கிடைக்குமாம். நானே கூப்பிடலாம்னு இருந்தேன். பச்சையா நிக்கிற மொச்சை எங்கனா இருந்தா விதையோட அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு."

விடுவேனா? அன்றே மனு எழுதினேன். 'மலையின் அரிய மொச்சையை அழியவிட்ட நிர்வாகத்தை ஊர் மக்கள் நூறு விழுக்காடு ஒன்றுபட்டுக் கண்டிக்கிறோம்.' பிடுங்கிய கைகள் எல்லாம் கையெழுத்திட்டன. கடைசியாகச் செந்தாமரையிடம் நீட்டினேன். எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தாள்.

"பிடுங்கனது யாருன்னு எழுதலையேண்ணா?"

"மனுவுல அதுக்குக் கட்டம் இல்லம்மா," என்றேன்.

அவள் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் களை பறிக்கப் போய்விட்டாள். ஒரு கையெழுத்து குறைகிறது. முறைப்படி பார்த்தால் தொண்ணூற்றொன்பது என்று திருத்த வேண்டும்.

நூறு என்றே அனுப்பிவிட்டேன்.