போச்சு அண்ணாத்தேயும் போலந்துக்காரரும்

உலகத்திலேயே மனம் நொந்த சமையல்காரர் யார் என்று போட்டி வைத்தால், எங்கள் அம்பத்தூர் தொழிற்சாலை கேன்டீன்காரர் போய் நிற்காமலே பரிசு வாங்கிவிடுவார். பால் பொங்கினாலும் 'போச்சு' என்பார். பொங்காவிட்டாலும் 'போச்சு' என்பார். அதனால் போச்சு அண்ணாத்தே. சொந்தப் பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், புது இயந்திரம் ஒன்றைப் பொருத்திக் கொடுக்கப் போலந்திலிருந்து யானெக் என்பவர் வந்தார். நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். அவருக்கும் கொஞ்சம் இங்கிலீஷ், எனக்கும் கொஞ்சம். எனவே அவரைக் கவனிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. சாப்பாடு அண்ணாத்தே பொறுப்பு.

"நம்ம சாப்பாடு துன்னாம வெள்ளக்காரர் ஊருக்குப் போனா நமக்கு இன்னா சார் மருவாதி?" என்று கிளம்பினார்.

முதல் நாள் வெண்பொங்கல். யானெக் மிளகையெல்லாம் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தின் மேல் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டார். அண்ணாத்தே உள்ளே போய் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். மறுநாள் முருங்கைக்காய் சாம்பார். நான் ஃபோன் பேசப் போயிருந்தேன். அதற்குள் அலறல்.

"போச்சு சார்! சக்கையோட மொத்தத்தையும் முழுங்கிகினு 'குட், குட்'ன்றாரு சார்!"

மாலையே யானெக்குக்கு வயிறு பிடித்துக்கொண்டது. இனி அவருக்கு ரொட்டியும் அவித்த முட்டையும்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் சாம்பாரில் உப்பே இல்லை.

"மன்சுல தெம்பு இல்ல சார், உப்பு எங்கேர்ந்து வரும்?"

மொத்த ஷிஃப்டும் ஊறுகாயை நம்பி உயிர் வாழ்ந்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள் யானெக் என்னிடம் கேட்டார்: "இந்த மனிதர் ஏன் எப்போதும் சோகமாக இருக்கிறார்? நல்ல சாப்பாடு கிடைப்பதில்லையா?"

கேட்ட கையோடு சமையலறைக்குள் நுழைந்துவிட்டார். அண்ணாத்தேயை ஸ்டூலில் உட்காரவைத்து, பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு போட்டு, தன் அம்மா வைக்கிற சூப்பைக் காய்ச்சினார். காரம் கிடையாது, தாளிப்பு கிடையாது, புளிப்புக்கு வினிகர். செக்கச்செவேலென்று ஒரு கிண்ணம் அண்ணாத்தே முன்னால் வந்தது.

போச்சு என்று இந்த முறை நானே நினைத்தேன்.

அண்ணாத்தே ஒரு வாய் குடித்தார். முகம் கோணவில்லை. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று நீட்டினார்.

"நல்லா கீதுன்னு சொல்லு சார்."

சொன்னேன். யானெக்குக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணாத்தேயைத் தூக்கிவிடுவது போலக் கட்டிக்கொண்டார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் அண்ணாத்தே குழாயடியில் நின்று கொப்பளித்துக்கொண்டே இருந்தார்.

"நிஜமா எப்படி இருந்தது அண்ணாத்தே?"

"வாயில வெக்க முடில சார். பாவம், இத துன்னுகினே இம்மாம் ஒசரம் வளந்துகீறாரு."

தன் கையால் சமைத்த எதையும் அந்த மனிதர் ஒரு நாளும் 'நல்லா கீது' என்று சொன்னதில்லை. யானெக்குக்கு மட்டும் சொன்னார்.