வெள்ளிக்கிழமை நிரப்பிய படிவம்

பீளமேடு, கோவை
24-4-1996, புதன்கிழமை

சிங்கப்பூரில் சீரோடு வாழும் மைத்துனர் நரசிம்மலு அவர்களுக்கு, உங்கள் அக்காள் வீட்டுக்காரன் திருமலைசாமி எழுதுவது. இங்கு நான், ராமாமணி, எருமை மூவரும் நலம். உங்கள் வீட்டில் அனைவரும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

ஒன்பது வருடமாகத் தம்பியைப் பார்க்காத உங்கள் அக்காள், மே பத்தாம் தேதி விமானத்துக்காக மார்ச்சிலேயே ஊறுகாய் ஜாடிக்கு வாய் கட்டிவிட்டாள். "இங்கே ஆஸ்பத்திரிச் செலவு தாங்காது, இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஏறாதீர்கள்" என்று எழுதியிருந்தீர்கள். உடனே ஏஜெண்ட் ஜபருல்லாவுக்குச் சொல்லியனுப்பினோம். கோட்டைமேட்டுக்காரர். "நீங்க செத்துப்போனா" என்று ஒருவரிடமும் சொல்லாமலே இருபது வருடம் ஆயுள் காப்பீடு விற்ற பண்பாளர். ஒரு வெள்ளிக்கிழமை அந்தி நேரத்து மஃரிப் தொழுதுவிட்டு அவர் வந்தபோது எங்கள் வீட்டில் விளக்கு வைத்தாகியிருந்தது.

படிவத்தில் என் உடம்பைப் பற்றிப் பன்னிரண்டு கேள்விகள். முதலாவது, நெஞ்சுவலி உண்டா? "இல்லை" என்றேன். காப்பியோடு வந்த உங்கள் அக்காள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, வெளக்கு வெச்ச வெள்ளிக்கிழமையில ஊட்டுக்குள்ள இல்லைன்னு சொல்லலாமுங்களா?"

"அம்மணி சொல்றது வாஸ்தவமுங்க," என்றார் ஜபருல்லா. "எங்க ஊட்டுலயும் அரிசி தீந்துபோச்சுன்னா தீந்துபோச்சுன்னு சொல்லமாட்டமுங்க. பரக்கத்து, நெறைஞ்சிருக்குன்னுதானுங்க சொல்லுவோம்."

இரண்டு மதங்கள் என் நெஞ்சுவலி விஷயத்தில் ஒன்றுபட்டதைக் கண்டு நெகிழ்ந்து, மறுநாள் வைத்துக்கொள்ளலாமே என்றேன். காலையிலேயே படிவம் ஆபீசில் இருக்க வேண்டுமாம், வெற்றிடம் விட்டால் திருப்பிவிடுவார்களாம். ஆகவே "உண்டு" என்று எழுதினார். சர்க்கரை நோய் உண்டு, ஆஸ்துமா உண்டு, வலிப்பு உண்டு, சிறுநீரகக் கோளாறு உண்டு. பதினோராவது கேள்வி, கர்ப்பமாக இருக்கிறீர்களா என்பது. அங்கே மட்டும் ஜபருல்லா பேனாவை மூடிவைத்து யோசித்தார். பிறகு "ஆண்டவன் சித்தம்" என்று எழுதினார். அவர் நேர்மையை நான் எங்கும் சொல்வேன்.

கம்பெனியும் லேசுப்பட்டதல்ல. ஐந்தே நாளில் பதில் வந்தது. இத்தனை நோய்களோடு உல்லாசப் பயணம் கிளம்பும் ஒருவரைத் தாங்கள் இதுவரை அறிந்ததில்லை என்றும், டாக்டரிடம் ஈசிஜி எடுத்து அனுப்புமாறும் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை போனோம். டாக்டர் தங்கமானவர். சிரித்துக்கொண்டே பதினோரு பதில்களை அடித்தார். முதலாவதை மட்டும் அடிக்காமல், ஈசிஜி காகிதத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "நாலு நாள் இங்கேயே இருங்க" என்றார். கட்டில் காலியாக இருந்தது, அவருக்கும் பேச்சுத் துணை வேண்டியிருந்தது போலும். படுத்தபடி எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும். பயணம் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போய்விட்டது. எல்லாம் ஒரு கிழமையால் வந்தது. எனக்கு ஒன்றுமில்லை, கல்லு மாதிரி இருக்கிறேன்.

குழந்தைகளுக்கு ஆசிகள். உங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் விசாரிப்பு.

அன்புடன்,
திருமலைசாமி

பி.கு.: கண்ணு நரசிம்மலு, அக்கா எழுதறேன். தபால்ல போடச் சொல்லி உங்க மாமா இதைக் குடுத்தாரு, படிச்சுப்போட்டேன். மூணு மாசமா பஸ் ஸ்டாப்புக்குப் போறப்பப் பாதி வழியில நின்னு நெஞ்சைத் தடவுவாரு. கேட்டா "ஒண்ணுமில்லை"ம்பாரு. டாக்டர்கிட்ட வாங்கன்னா "ஒண்ணுமில்லை"ம்பாரு. ஜபருல்லாண்ணன் புதன்கிழமை வாரேன்னுதான் சொன்னாரு. நாந்தான் வெள்ளிக்கிழமை வெளக்கு வெச்சப்பறம் வாங்கண்ணான்னு சொன்னேன். இப்படியே ஏறியிருந்தா ஏரோப்ளேன்லயே என்னமோ ஆயிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. இப்பப் பயமில்லையாம். ஆகஸ்டுல வாரோம், ஊறுகாயும் நல்லா ஊறியிருக்கும். நேத்து நர்ஸம்மா "தாத்தா, நெஞ்சு வலி உண்டுங்களா?"ன்னு கேட்டா. என்னைய ஒருக்காப் பாத்துப்போட்டு, "உண்டு அம்மணி"ன்னு அவரே சொன்னாரு. நேத்து வெறும் செவ்வாய்க்கிழமைதான்.