எட்டு எலுமிச்சம்பழம்

துறைமுகத்தில் கிரேனுக்கு எண்ணெய் போடுகிறவன் மெக்கானிக் ஆகமாட்டான். இந்த உண்மை இருபத்திரண்டு வயதிலேயே எனக்குத் தெரியும். வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியாது. சட்டை முழுக்க எண்ணெய்க் கறையோடு சாயங்காலம் வந்து நிற்கிறவனை மெக்கானிக் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். நல்ல பெயர் வீடு தேடி வரும்போது மறுத்துப் பேசுவது மரியாதையில்லை என்று நானும் இருந்துவிட்டேன்.

நைனாவுக்கு மாட்டு வண்டி. திருவொற்றியூர் ஐஸ் பேக்டரியிலிருந்து ராயபுரம் கடற்கரைக்கு, மீன் வியாபாரி யூசுப் பாய்க்காகத் தினமும் ஐஸ் கொண்டுவருவார். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அந்த ஐஸால்தான். மாட்டுக்கு வயதாக ஆக நடை தளர்ந்தது. ஐஸோ யாருக்காகவும் காத்திருக்கவில்லை. (கடைசிக் காலத்தில் நைனா கொண்டுவந்ததைக் குளிர்ந்த தண்ணீர் என்று சொல்வதே நியாயம்.) ஒருநாள் பாய் சொல்லிவிட்டார்.

"அண்ணாத்தே, உன் மாட்டை நம்பிகினு இருந்தா என் மீனு நாறிப்பூடுது. ஒண்ணாந்தேதிக்குள்ள மோட்டார் வண்டி வெச்சிக்கோ. இல்லாங்காட்டி வேற ஆளைப் பாத்துக்கறேன்."

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதுக்கு இன்னா பாய்? வூட்லயே மெக்கானிக் கீறான்" என்றார்.

இப்படியாக, யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரர்கள் கழித்துக்கட்டிய பிக்கப் லாரி ஒன்று, முன்னால் எங்கள் மாடு இழுக்க, பின்னால் நாங்கள் தள்ள, எர்ணாவூரிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கத்துக் காலி மனைக்கு வந்து சேர்ந்தது. பானெட்டைத் திறந்தால் உள்ளே ஏதோ ஒரு கோழி முட்டையிட்டு வைத்திருந்தது. நல்ல சகுனம் என்று சொல்லி அம்மா முட்டையை எடுத்துக்கொண்டு போனாள்.

குடும்பமே வேலையில் இறங்கியது. அக்கா கோணிப்பையில் தேங்காய் நாரைத் திணித்து சீட் தைத்தாள். அம்மா கதவுகளைப் புளி போட்டுத் தேய்த்தாள். அக்கா புருஷன் தாமோதரன் மாமா பட்டாளத்தில் பர்மா எல்லை வரைக்கும் போய்வந்தவர். அங்கே அவருக்குச் சமையல் வேலை. ஆனாலும் லாரியில் ஏறிப் போன அனுபவம் இருந்ததால் அவரை மேஸ்திரியாக வைத்துக்கொண்டோம்.

என்ஜின் என் தயவு இல்லாமலே நன்றாக இருந்தது. பிளக்கைத் துடைத்து, பெட்ரோல் ஊற்றி, ஹாண்டிலைச் சுற்றியதும் உறுமியது. அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அரை நாளில் வேலையை முடித்தால் மெக்கானிக் என்று யார் மதிப்பார்கள்? பின் அச்சில் ஒரு சத்தம் வருகிறது என்றேன். (வரவில்லை.) கழற்றினேன்.

அந்த அச்சு இரண்டு பாதியாகப் பிரியும். உள்ளே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பல்சக்கரம். எந்தப் பாதி எந்தப் பக்கம் என்று மறந்துவிடக் கூடாதே! ஒன்றில் சாக்பீஸால் 'கடல்' என்றும் மற்றதில் 'ரயில்' என்றும் எழுதி வைத்தேன். எங்கள் பேட்டையில் யாரும் இடது வலது என்று சொல்லி நான் கேட்டதில்லை. கிழக்கே கடல், மேற்கே ரயில் ரோடு. டாக்டரிடம் போய் "கடல் பக்கத்துப் பல்லு வலிக்குது" என்று சொன்னவர்கள்கூட உண்டு.

மறுநாள் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது வண்டி ஏதோ ஒரு மாதிரி மாறியிருப்பதாகப் பட்டது. துருவைச் சுரண்டியதால் வந்த களை என்று நினைத்துக்கொண்டேன். கடல் என்று எழுதியதைக் கடல் பக்கமும், ரயில் என்று எழுதியதை ரயில் பக்கமும் வைத்து முடுக்கினேன். ஒரு போல்ட் மிச்சமில்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஒண்ணாந்தேதி காலை பூஜை. நாலு சக்கரத்துக்கும் முன்னால் ஆளுக்கொன்றாக நாலு எலுமிச்சம்பழம். யூசுப் பாயும் வந்திருந்தார்.

"இன்னைக்கு ஒரு லோடு கொண்டா தம்பி. ஐஸு ஐஸா வந்தா வேலை உங்களுது. தண்ணியா வந்தா இத்தோட சரி."

மாமா ஹாண்டிலைச் சுற்றினார். நான் முதல் கியரைப் போட்டேன். வண்டி கம்பீரமாகக் கிளம்பியது, பின்னால்.

வைக்கோல் போரில் முட்டி நின்றோம். இரண்டாவது கியரைப் போட்டுப் பார்த்தேன். போருக்குள் இன்னும் கொஞ்சம் போனோம். பக்கத்தில் கட்டியிருந்த மாடு மெல்லுவதை நிறுத்திவிட்டது.

"மாடுகூட மூஞ்சி கீற பக்கம்தான்டா போவும்" என்றார் நைனா.

அம்மாவின் கவலை வேறு. "பழம் நசுங்கலையேடா! பழம் நசுங்காம வண்டி தெருவுல எறங்கக் கூடாது, சொல்ட்டேன்!"

வேறு வழியில்லாமல் ரிவர்ஸ் கியரைப் போட்டேன். வண்டி முன்னால் ஊர்ந்து வந்து நாலு பழத்தையும் நசுக்கியது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னா தம்பி இது?" என்றார் பாய்.

"என்ஜினைச் சூடு பண்ணேன் பாய்" என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் நைனாவின் வேலை அங்கேயே போயிருக்கும். என் மெக்கானிக் பட்டமும்தான்.

திருவொற்றியூருக்கு அந்த ஒரே கியரில் ஊர்ந்தோம். ரேடியேட்டர் இரண்டு தடவை கொதித்தது. ஒரு தயிர்க்காரம்மா எங்களைத் தாண்டிப் போனாள். அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார்.

"நீ வேலைக்குப் போனப்புறம் உங்கம்மா ஒரே பேஜாரு பண்ணிச்சிடா. வண்டி தெக்கால பாத்துகினு கீதாம், எமன் திசையாம். எட்டு பேரு பின்னால தூக்கி, முன் சக்கரத்துல உருட்டி, வடக்கால திருப்பி வெச்சோம்."

நான் வண்டியை நிறுத்தினேன். (பெரிய வித்தியாசம் தெரியவில்லை.) நான் சாக்பீஸால் எழுதியபோது தெற்கே பார்த்த வண்டி, நான் மாட்டியபோது வடக்கே பார்த்திருக்கிறது. கடலும் ரயிலும் இருந்த இடத்திலேயே இருந்தன. அச்சின் இரண்டு பாதியும் இடம் மாறி, பல்சக்கரம் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, முன்னால் போகவேண்டிய மூன்று கியரும் பின்னால் போயின. பின்னால் போகவேண்டிய ஒன்று மட்டும் முன்னால் போனது.

ஐஸை ஏற்றி, உமி தூவி, கோணி போர்த்தியாயிற்று. வந்த வேகத்தில் திரும்பினால் கோணிதான் மிஞ்சும். நானும் மாமாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"மூணு கியரு கீதில்ல?" என்றார் மாமா.

அவர் ஐஸ்மேல் ஏறி ராயபுரத்தைப் பார்த்து நின்றுகொண்டார். நான் எண்ணூரைப் பார்த்து உட்கார்ந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு, மூன்றாவது கியரில் ராயபுரத்துக்குக் கிளம்பினேன்.

"கடல் பக்கம் ஒடி! கடல் பக்கம்! ரயில் பக்கம் கொஞ்சம்! யம்மா, கூடைய எடு, வந்துகினு கீறோம்!"

தண்டையார்பேட்டையில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"எங்கய்யா போறே?"

"ராயபுரம் சார்."

"மூஞ்சி எண்ணூரைப் பாத்துகினு கீது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா மேலே விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். "மிலிட்டரி வண்டி சார். நாம எந்தப் பக்கம் போறோம்னு எதிரிக்குத் தெரியக் கூடாது பாருங்க, அதுக்காகவே இப்படிச் செஞ்சது."

போலீஸ்காரர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். "வெள்ளைக்காரன் மூளையே மூளை" என்று சொல்லி வழிவிட்டார்.

கரையில் ஐஸ் கூடாரத்தின் வாசலுக்கே பின்பக்கமாகப் போய் நின்றோம். பாளங்களின் மூலைகூட மழுங்கவில்லை. பாய் வாயைப் பிளந்தார்.

"மத்தவன் மணல்ல வண்டியைத் திருப்பவே அரை மணி நேரம் ஆக்குவான். நீ நேரா ரிவர்ஸ்லயே வந்துட்டியே! பலே! வேலை உங்களுது. வா, அப்படியே என்னை வூட்டாண்ட வுட்டுடு."

ஏறி உட்கார்ந்தார். நான் அந்த ஒரே கியரைப் போட்டேன். நூறு கஜம் போவதற்குள் பாய் மூன்று தடவை என்னைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, ஓடும் வண்டியிலிருந்து சாவகாசமாக இறங்கி நடந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கைகால் கழுவி, வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் சிரித்தார். "ஐஸு வந்துச்சில்ல, வாக்கு வாக்குதான். ஆனா புளியந்தோப்பாண்ட ஒரு மெக்கானிக் கீறான், வண்டியை அவன்கிட்ட காட்டு. நீ தொடாதே."

அதன் பிறகு நான் தொடவில்லை. நைனா பதினோரு வருஷம் அந்த வண்டியில் ஐஸ் அடித்தார். 'கடல்', 'ரயில்' என்ற எழுத்துகள் மட்டும் அச்சில் வெகுகாலம் அழியாமல் இருந்தன.

எங்கள் குடும்பத்தில் யார் புது வண்டி வாங்கினாலும் அம்மா வைத்த வழக்கம் இன்றைக்கும் உண்டு. சக்கரத்துக்கு முன்னால் நாலு எலுமிச்சம்பழம், பின்னால் நாலு. போன மாதம் பேரன் கார் எடுத்தான். எட்டுப் பழமும் வைத்தார்கள். சாவியைக் கொடுத்து, "முதல்ல தாத்தா உக்காரட்டும்" என்றான். நான் உட்கார்ந்ததுதான் தாமதம், பின்னால் நின்ற சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஓடிப்போய் முன்னால் நின்றுகொண்டார்கள்.