கைதூக்கி அண்ணாச்சியும் நிற்காத மெஷினும்

தென்காசி மாவட்டம் முழுக்கத் தேடினாலும் சரி, புளியறை செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளாவுக்குள் போய்த் தேடினாலும் சரி, கூப்பிட்டவுடன் வராத மனிதர்களில் கைதூக்கி அண்ணாச்சியை மிஞ்ச ஆள் கிடையாது. காதில் கோளாறு எதுவும் இல்லை. கூப்பிட்டால் இடது கையை மட்டும் தலைக்கு மேல் தூக்குவார். திரும்ப மாட்டார், பேச மாட்டார். நீ கூப்பிட்டது தெரியும், கையில் இருக்கிற வேலை ஒரு ஓரத்துக்கு வரட்டும் என்று அர்த்தம். ஓரத்துக்கு வந்ததும் கையை இறக்கி, "இப்பச் சொல்லு பிள்ள" என்பார். அதற்குள் என்ன கேட்க வந்தோம் என்பது எனக்கு மறந்து போயிருக்கும்.

ஒருநாள் ஆபீஸில் யுபிஎஸ் புகைந்து எல்லாரும் படியில் விழுந்தடித்து இறங்கினோம். கீழே நின்று கத்தினால், மாடி ஜன்னலில் புகைக்கு நடுவே ஒரு இடது கை மட்டும் தெரிந்தது. இதை அவர் மனைவியிடம் சொன்னேன். வீரகேரளம்புதூரில் பள்ளிக்கூடத்து டீச்சர். அவர் கொஞ்சமும் அதிரவில்லை.

"இதென்ன பெருசு? கல்யாணத்தன்னைக்கு ஐயர் தாலியக் கட்டுங்கன்னாரு. இவரு கையத் தூக்கிட்டு உக்காந்திருக்காரு. எங்க அப்பாவுக்கு நெஞ்சே அடச்சுப் போச்சு."

எங்கள் ஆபீஸ் குற்றாலம் ரோட்டில் ஒரு புரோட்டாக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வளைகுடாவில் துணிச் சுருளைத் துண்டுகளாக வெட்டுகிற ஆலை ஒன்றின் மெஷின்களுக்காக நாங்களே ஒரு சின்ன மொழி உருவாக்கியிருந்தோம். எத்தனை நீளத்தில் வெட்டு, எங்கே மடி என்று ஆலைக்காரர்கள் அந்த மொழியில் எழுதுவார்கள். அதை வரி வரியாகப் படித்து மெஷினை ஓட்டுகிற இன்டர்ப்ரெட்டரை சி மொழியில் எழுதியவர் அண்ணாச்சி. அதில் குறை கண்டுபிடித்து அவர் நிம்மதியைக் கெடுப்பது என் வேலை.

நிறுத்து பட்டனை அமுக்கினால் கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டம் இன்டர்ப்ரெட்டருக்கு ஒரு சிக்னல் அனுப்பும். நேரம் காலம் பார்க்காது. கத்தி துணிக்குள் பாதி இறங்கியிருக்கும்போதும் வரும். அந்த இடத்திலேயே நின்றால் துணி நாசம். அதனால் சிக்னல் வந்ததும் நிறுத்தச் சொன்னதற்கு அடையாளமாகப் புரோகிராமுக்குள் ஒரு கொடியை மட்டும் தூக்கி வைத்துவிட்டு, செய்கிற வேலையை முடிக்க வேண்டும். ஒவ்வொரு வரி முடிந்ததும் கொடியைப் பார்த்து, தூக்கியிருந்தால் கத்தியை ஏற்றிவிட்டு ஒழுங்காக நிற்க வேண்டும். அண்ணாச்சி அப்படித்தான் எழுதியிருந்தார். அவரைப் பார்த்துப் புரோகிராம் அப்படி ஆனதா, புரோகிராமைப் பார்த்து அவர் அப்படி ஆனாரா என்பது டீச்சருக்கே தெரியாது.

இப்படி இருக்கையில் ஆலையிலிருந்து புகார் வந்தது. ஒரு சுருள் துணி முடிந்து அடுத்த சுருளுக்காக மெஷின் காத்திருக்கும்போது நிறுத்து பட்டனை அமுக்கினால் நிற்க மாட்டேன் என்கிறதாம். இது சரியாகாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும், தென்காசி ஆபீஸை மூடிவிட்டு எல்லாரையும் சென்னைக்கு மாற்றிவிடுவோம் என்று மேனேஜர் வீடியோவில் சொன்னார். மேனேஜர் சென்னையில் இருப்பவர். அவருக்குச் சென்னை என்பது பதவி உயர்வு மாதிரி.

அண்ணாச்சிக்கு அது இடி. கல்யாணமாகிப் பல வருஷம் அவர் சென்னையிலும் டீச்சர் இங்கேயுமாக இருந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைப் புருஷனாக பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போனவர். இந்த ஆபீஸ் திறந்த பிறகுதான் இரண்டு பேரும் ஒரே வீட்டில் சேர்ந்து சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

"திரும்ப அந்தப் பஸ்ஸுல ஏறச் சொல்லுதாங்க பிள்ள" என்றார். கையைத் தூக்காமல் அவராகவே பேசியது அன்றைக்குத்தான்.

வேலையில் இறங்கினோம். ஆலையில் மூன்று வகைக் கம்ப்யூட்டர் இருந்தது பெரிய சாபம். லினக்ஸ் மெஷினில், காத்திருக்கும்போது சிக்னல் வந்தால் கொடி ஏறும், ஆனால் சிஸ்டம் இன்டர்ப்ரெட்டரைத் திரும்பக் காத்திருக்கவே அனுப்பிவிடும். கொடியைப் பார்க்க ஆளில்லை. பழைய யூனிக்ஸ் மெஷினில் எழுப்பிவிடும், ஆனால் ஒரு தடவைதான் நம் சொல் பேச்சைக் கேட்கும். பொறுமையில்லாமல் மறுபடி அமுக்கினால் கத்தி எங்கே இருந்தாலும் இன்டர்ப்ரெட்டரையே முடித்துவிடும். விண்டோஸிலோ சிக்னல் நம் வாசலுக்கே வராது, பக்கத்து வாசல் மாதிரி புரோகிராமின் வேறொரு இழையில் தனியாக வந்து நிற்கும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று படுத்துக்கொண்டது. நான் சோதித்துப் பார்த்து "இங்கனயும் நிக்கல அண்ணாச்சி" என்பேன். கை மேலே போகும். அந்த வாரங்களில் அந்தக் கை இறங்கிய நேரம் ரொம்பக் குறைவு.

வெறுத்துப்போய் ஒரு மத்தியானம் எல்லாருமாகக் குற்றாலத்துக்குக் கிளம்பினோம். நல்ல சாரல், மெயினருவியில் கூட்டம். நான் அண்ணாச்சியின் கண்ணாடியையும் துண்டையும் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு அவர் உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கி வந்தது, மேலே வெள்ளம் என்று அர்த்தம். போலீஸ்காரர் விசிலடித்தார். எல்லாரும் வெளியே ஓடி வந்தார்கள். அருவிக்கு அடியில் ஒரே ஒருவர் மட்டும் கண்ணை மூடி, இடது கையைத் தூக்கியபடி நின்றார்.

"யோவ், வெளிய வாரும்வே" என்று போலீஸ்காரர் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "யாரும்மா இவரு? விசிலடிச்சா கையத் தூக்குதாரு, ஆனா வரமாட்டேங்காரு?"

"அவரு அப்படித்தான் சார். கொஞ்சம் பொறுங்க."

"நான் பொறுப்பேன். தண்ணி பொறுக்குமா?"

போலீஸ்காரர் பாதுகாப்புக் கம்பியைப் பிடித்தபடியே இறங்கிப்போய், தூக்கியிருந்த மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தார். வெளியே வந்த சற்று நேரத்தில் அண்ணாச்சி நின்ற இடம் வெள்ளத்தில் தெரியவே இல்லை.

"உசிரு போயிருக்கும் அண்ணாச்சி. விசில் கேக்கலையா?"

"கேட்டுச்சே. அதான் கையத் தூக்கினேம்லா? கண்ணுல எண்ணெ எரிஞ்சுது. தண்ணி கொறஞ்சதும் கண்ணத் தொறந்து வந்துருவோம்னு நின்னேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நிறுத்தினார். "அது எங்க கொறைய? கூடிட்டுல்லா வந்திருக்கு. கையத் தூக்கி என்ன பிரயோசனம் பிள்ள, காத்துக்கிட்டு நிக்கவன ஒருத்தன் வந்து எழுப்பணும்லா."

ஈரத் துணியோடு ஆபீஸுக்கு ஆட்டோ பிடித்தார். துண்டு கடைசிவரை என் கையில்தான் இருந்தது.

சிக்னல் வந்தால் கொடியைத் தூக்குவதோடு, புரோகிராமுக்குள்ளேயே தகவல் போகிற குழாய் ஒன்றில் ஒரே ஒரு எழுத்தையும் போட்டுவிடும்படி மாற்றினார். துணிக்காகக் காத்திருக்கும் இன்டர்ப்ரெட்டர் இனி அந்தக் குழாய்க்கும் சேர்த்தே காது கொடுக்கும். எழுத்து விழுந்ததும் விழித்துக் கொடியைப் பார்த்துக்கொள்ளும். பழைய யூனிக்ஸ் மறுபடி அமுக்கினாலும் சொல் பேச்சு கேட்க ஒரு ஏற்பாடு, விண்டோஸுக்கு அதன் பாஷையில் குழாய்க்குப் பதில் வேறொன்று. அந்தப் பகுதிக்கு அவர் புரோகிராமில் வைத்த பெயர் போலீஸ்காரர்.

ஆலைக்காரர் வீடியோவில் வந்து மூன்று மெஷினிலும் பட்டனை அமுக்கினார். காத்திருக்கும்போது அமுக்கினார், வெட்டும்போது அமுக்கினார், வேண்டுமென்றே திரும்பத் திரும்ப அமுக்கினார். ஒவ்வொரு தடவையும் கத்தி மேலே போய் மெஷின் அடக்கமாக நின்றது. ஆலைக்காரர் கைதட்டினார். நாங்கள் கீழே சொல்லி எல்லாருக்கும் புரோட்டா வரவழைத்தோம்.

புரோட்டா வருவதற்குள் அதே வீடியோவில் இருந்த மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். ஒப்பந்தம் தப்பியது, ஆனாலும் தென்காசி ஆபீஸை மூடுகிறோம், அது மேலிடத்தில் முன்பே முடிவானது, இந்த மெஷின் விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது என்றார். இத்தனை பாடும் எதற்கு என்று எனக்கு அழுகை முட்டியது. நிற்க வேண்டிய மெஷினை நிற்க வைத்துவிட்டோம், மேலிடத்தை நிறுத்த எங்களிடம் பட்டன் இல்லை.

"அண்ணாச்சி, உங்களை விட மாட்டோம். நீங்க கண்டிப்பா சென்னைக்கு வந்துடணும். என்ன சொல்றீங்க?" என்றார் மேனேஜர்.

நாங்கள் எல்லாரும் அந்த இடது கையைப் பார்த்தோம். அது மேஜையை விட்டு அசையவில்லை.

"வரல சார்" என்றார் அண்ணாச்சி. மேனேஜர் கேட்டு முடித்த அதே நொடியில்.

நான்தான் சென்னைக்கு வந்தேன். இங்கே கூப்பிட்ட உடனே எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், ஆனால் யாரும் கேட்டுக்கொள்வதில்லை. அண்ணாச்சி இப்போது தென்காசியில் கிடைத்த கம்ப்யூட்டரை ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறார். அந்தத் திறமைக்கு அது வேலையே இல்லை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. போன வாரம் போன் போட்டேன். டீச்சர்தான் எடுத்தார். பேச்சுவாக்கில், அன்றைக்கு மேனேஜர் கேட்டவுடன் அண்ணாச்சி வரல என்றதைச் சொன்னேன். அவர் அதுவரை அதைக் கேள்விப்பட்டிருக்கவே இல்லை.

"உடனேயா சொன்னாரு? கையத் தூக்கலையா?"

"தூக்கல டீச்சர்."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "இரு, அவருகிட்ட குடுக்கேன்" என்றார்.

போன் கை மாறியது. "அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். எங்கோ ஸ்க்ரூ திருகுகிற சத்தம் மட்டும் வந்தது. இடது கை மேலே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவருக்காகக் காத்திருப்பதில் எனக்கு ஒரு சடைவும் கிடையாது.