குண்டூர் நாட்டில் இரண்டு மாதப் பயிற்சி

பதினோராம் நாளும் பன்னிரண்டு பேரும் இடது காலையே எடுத்து வைத்தார்கள்.

"வலது!" என்று கத்தினார் அருணாசலம். "வலது காலுங்க! சோறு திங்கற கைப் பக்கத்துக் காலு!"

களத்துமேட்டில் வரிசையாக நின்ற பன்னிரண்டு பேரும் அவரைப் பார்த்துப் பரிவோடு சிரித்தார்கள். பிறகு மறுபடியும் இடது காலையே எடுத்து வைத்தார்கள். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் நிதானமாக, அவருக்கு நன்றாகத் தெரியும்படி.

சேந்தமங்கலம் அருணாசலம் லேசுப்பட்ட நடன வாத்தியார் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நட்டுவனாரிடம் ஒன்பது வருஷம் குருகுலவாசம் செய்தவர். அதில் முதல் நான்கு வருஷம் குருவின் எருமையைக் குளிப்பாட்டியதிலேயே போயிற்று என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை. ஊர் திரும்பி, ஜமீன் கல்யாணங்களில் சதிர்க் கச்சேரி நடத்திக்கொண்டு கௌரவமாகத்தான் இருந்தார். அப்புறம் ஜமீன்தார்கள் கிராமபோன் வாங்கினார்கள். அதற்கு இலை போட வேண்டாம், சால்வை போர்த்த வேண்டாம், சாவி கொடுத்தால் போதும்.

அருணாசலம் பள்ளிக்கூடப் பெண்களுக்குக் கோலாட்டம், மாரியம்மன் பண்டிகைக்குக் கும்மி என்று ஊருக்கு உழைக்கத் தொடங்கினார். ஊரும் சும்மா விடவில்லை, மாலை போட்டது. மாலையை உலையில் போட்டு வேகவைக்க முடியாது என்பதை அவர் மனைவி ருக்குமணிதான் எடுத்துச் சொன்னாள்.

அந்தச் சமயத்தில் ஜில்லா போர்டு விளம்பரம் வந்தது. பள்ளிகளுக்கு நடன ஆசிரியர் ஒருவர் தேவை. மாதச் சம்பளம், பென்ஷன் உண்டு. கலெக்டர் துரைக்கு மலைச் சனங்கள் மேல் திடீர்ப் பிரியம் வந்திருந்ததால் ஒரு நிபந்தனை. கொல்லிமலையில் ஏதாவது ஓர் ஊரில் இரண்டு மாதம் தங்கிப் பயிற்சி நடத்தியிருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் நேரில் ஏறி வந்து பார்ப்பார்.

"இது கெடைக்கலீன்னா வருத்தப்படாதீங்க," என்றாள் ருக்குமணி, துணி மூட்டையைக் கட்டிக்கொண்டே. "எங்கண்ணன் கடலக்கா மண்டியில சாக்குத் தெக்க ஆளு வேணுமாம். ஒக்காந்த எடத்து வேல."

மைத்துனன் மண்டியில் சாக்கு! அந்த ஒரு சொல் போதும். அருணாசலம் மூச்சு வாங்காமல் மலையேறினார்.

மலைமேல் குண்டூர் நாட்டில் ஊர்க்கவுண்டர் மாதேஸ்வரனை வெறுங்கையோடு பார்க்கலாமா? வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு பெரிய வெல்லக்கட்டி எல்லாவற்றையும் வைத்துக் கும்பிட்டார்.

"ஆட்டம் விசயமா வந்திருக்கனுங்க. ரெண்டு மாசம் இங்கியே தங்கிக்கறேன்."

கவுண்டர் வெல்லத்தைக் கையில் தூக்கி எடை பார்த்தார். அவரையும் ஒரு பார்வை எடை பார்த்தார். "இந்த வயசுலயா சாமி?"

"கலைக்கு வயசு ஏதுங்க?"

"அதுஞ் செரித்தான். ஆசப்பட்டு இத்தன ஏத்தம் ஏறி வந்துட்டீங்க. ஆடத் தெரிஞ்ச சனமாப் பாத்து ஒரு பன்னெண்டு பேர உடறேன். நீங்க முன்னால நில்லுங்க. அதுதான் இந்த ஊரு மொறை."

முன்னால் நில்லுங்க! கீழ்நாட்டில் எந்த ஜமீன்தாரும் அவரை முன்னால் நிறுத்தியதே இல்லை. கையில் தாளத்தோடு தூண் மறைவில்தான் நிறுத்துவார்கள். அருணாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கண் பதினோரு நாளில் நன்றாகக் காய்ந்துபோயிற்று. அவர் வலது காலில் ஆரம்பித்தால் அவர்கள் இடது காலில் ஆரம்பிப்பார்கள். அவர் குதித்தால் அவர்கள் குனிவார்கள். அவர் மெதுவாக ஆடிக் காட்டினால், அவர்களும் பதிலுக்கு மெதுவாக ஆடிக் காட்டுவார்கள், தங்கள் ஆட்டத்தை.

வரிசையின் தலைமாட்டில் நிற்கிற கண்ணாயிதான் தினமும் அவருக்குக் களியும் கீரையும் கொண்டுவருகிறவள். அவளைப் பிடித்தால் மற்றவர்கள் வழிக்கு வருவார்கள் என்று கணக்குப் போட்டார்.

"அம்மிணி, நான் ஆடறத நல்லாப் பாக்கறியா?"

"தெனமும் பாக்கறனுங்க சாமி."

"பாத்தா என்ன தோணுது?"

கண்ணாயி கொஞ்சம் யோசித்தாள். "மொத நாளுக்கு இப்பப் பரவால்லீங்க."

மலைச் சனத்துக்குக் குருவைப் புகழத் தெரியாது, பாவம், என்று நினைத்துக்கொண்டு களியைப் பிட்டார்.

மறுநாள் தாளம் தட்டும் கழியைக் கொண்டுவந்து பலகையில் அறைந்தார். தப்பாக வைத்த காலைச் சுட்டிக்காட்டிக் கர்ஜித்தார். பன்னிரண்டு பேரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் வாட்டசாட்டமான சின்னராசு அருகில் வந்து, கைக்குழந்தையிடமிருந்து அரிவாளை வாங்குவது போலக் கழியைப் பதமாக வாங்கிக்கொண்டான்.

"கையில கழி இருந்தா கவனம் காலுக்குப் போவாதுங்க சாமி."

அடுத்த நாள் அந்தக் கழி கண்ணாயி வீட்டில் களி கிண்டிக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷ குருகுலத்தில் அவர் சம்பாதித்த ஒரே சொத்து அது.

சரி, அதட்டல் போணியாகவில்லை. அடுத்தது தந்திரம். சந்தையில் கெட்டிக்கார வியாபாரி என்ன செய்வான்? வந்தவன் கேட்ட விலைக்கு முதலில் தலையாட்டுவான். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும்போது மெல்ல மெல்லத் தன் விலைக்கு இழுத்துவிடுவான். அதேபோல முதலில் அவர்கள் ஆட்டத்தையே ஆடுவது, ஆடுகிற சுகத்தில் இருக்கும்போது தன் ஆட்டத்துக்கு இழுப்பது என்று முடிவு செய்தார்.

அன்று அருணாசலம் இடது காலை எடுத்து வைத்தார்.

களமே ஆர்ப்பரித்தது. "வந்துருச்சு! காலு வந்துருச்சு!" என்று சின்னராசு துண்டைச் சுழற்றினான். அன்றைக்குக் களியோடு தேனும் பலாச்சுளையும் வந்தன. பரவாயில்லை, சரக்கு நகர்கிறது என்று அருணாசலம் உற்சாகமாகி, ஒரு வாரம் போனதும் நைசாகத் தன் வலது காலை நுழைத்தார்.

ஆட்டம் அப்படியே நின்றது. 'ச்சு' என்று யாரோ உதட்டைப் பிதுக்கினார்கள். கண்ணாயி வந்து அவர் காலடியில் குனிந்தாள். காலைத் தொட்டுக் கும்பிடுகிறாள் என்று அவர் ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கினார். அவளோ, கேழ்வரகு நாற்று நடுகிற மாதிரி அவர் கணுக்காலைப் பிடித்துத் தூக்கி வேறு இடத்தில் ஊன்றினாள்.

"இங்கீங்க சாமி. அவசரப்படாதீங்க."

ஐந்தாவது வாரம், பக்கத்துத் திருப்புலி நாட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்திருந்த பொன்னம்மாள் என்ற புதுப்பெண்ணை அழைத்துவந்து, முன்னால் அவர் பக்கத்தில் நிறுத்தினார்கள். வேலைப் பளுவைப் பார்த்து உதவிக்கு ஆள் போடுகிறார்கள் என்று அருணாசலம் பெருமையோடு நகர்ந்து இடம் கொடுத்தார். நாலே நாளில் அந்தப் பெண்ணைப் பின்வரிசைக்கு அனுப்பி, நாற்று நடப் போய்விட்ட ஒருத்தியின் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். முன்னால் நிற்கத் திறமை வேண்டாமா என்று அவர் அனுதாபப்பட்டார்.

ஏழாவது வாரம் அருணாசலம் மிச்சமிருந்த நாட்களை விரல் விட்டு எண்ணினார். அவருடைய ஆட்டம் ஒரு காலுக்குக்கூட வரவில்லை. கீழே மிளகு கொண்டுபோகிறவரிடம், இன்னும் ஒரு மாதம் அவகாசம் வேண்டும் என்று இன்ஸ்பெக்டருக்குக் கடிதம் கொடுத்துவிட்டார். அவகாசம் கேட்கிறவன் எதையோ ஒளிக்கிறான் என்பது இன்ஸ்பெக்டரின் சர்வீஸ் அனுபவம். சொன்ன தேதிக்கு ஐந்து நாள் முன்னதாகவே புறப்பட்டுவருகிறேன் என்று பதில் வந்தது.

அருணாசலத்தின் கண் முன்னால் சாக்கும் கோணூசியும் வந்து நின்றன. கடைசியில் ஒரே வழிதான் தெரிந்தது. நேராகக் கவுண்டரிடம் போனார்.

"கவுண்டரே, இன்ஸ்பெக்டர் முன்னால உங்க ஆட்டத்தையே ஆடிப்புடலாமுங்க. நான் முன்னால நின்னு ஆடறேன்."

மாதேஸ்வரக் கவுண்டர் நெகிழ்ந்துபோனார். "ஆபீசர் முன்னாலயே ஆடற தைரியம் வந்துருச்சா சாமி?"

நாலு பேர் சுமந்த டோலியிலிருந்து இன்ஸ்பெக்டர் வெளிறிய முகத்தோடு இறங்கினார். பம்பை முழங்கியது. பதின்மூன்று இடது கால்கள் ஒன்றாக எழுந்தன. அருணாசலம் உயிரைக் கொடுத்து ஆடினார். ஒரு தப்பு இல்லை. பின்னால் நின்ற பன்னிரண்டு பேரும் ஆட்டத்தில் பாதிக் கண்ணை அவர் கால் மேலேயே வைத்திருந்தார்கள். முடிந்ததும் அவர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"பேஷ்!" என்றார் இன்ஸ்பெக்டர். பையிலிருந்து ஜில்லா போர்டு பாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கவுண்டரே, பயிற்சி தெனமும் ஒழுங்கா நடந்துதா?"

"ஒரு நா தவறலீங்க."

"சொல்லித்தரதுல பொறுமை உண்டா?"

"பொறுமைன்னா அப்படிப் பொறுமைங்க. வேற ஊரா இருந்தா அடிச்சே தொரத்தியிருப்பாங்க."

இன்ஸ்பெக்டர் ரசித்துத் தலையாட்டி எழுதினார். அருணாசலத்தின் காதில் பென்ஷன் சலங்கை கட்டி ஆடியது.

"பாரத்தில் இனி ஒரே ஒரு கட்டம்தான். பயிற்சியில் இருக்கிற மாணவர் எத்தனை பேர்?"

"அதுங்களா..." என்று அருணாசலம் வாயெடுத்தார்.

"நீர் சொல்லப்படாது. ஊரார் சொல்ல வேண்டும் என்று விதி." இன்ஸ்பெக்டர் பக்கத்தில் மோர்ச் சொம்போடு நின்ற கண்ணாயியிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இங்க ஆட்டம் கத்துக்கிறவங்க எத்தன பேரு?"

அருணாசலம் இன்ஸ்பெக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று பத்து விரலைக் காட்டினார். அப்புறம் இரண்டு விரலைக் காட்டினார். கண்ணாயி அவரை வாஞ்சையோடு பார்த்தாள்.

"இப்பத்திக்கி இவரு ஒருத்தருதானுங்க சாமி. வந்தப்ப எந்தக் கால எடுத்து வெக்கறதுன்னே தெரியாது, பாவம். நாங்க பன்னெண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக் குடுத்து, ரெண்டு மாசத்துல ஒரு வழியாத் தேத்திப்புட்டோமுங்க."