எண்ணெய் போட்ட ஏணி

எதையும் அளந்து, டைரியில் எழுதிய பிறகே செய்பவன் தவறு செய்ய மாட்டான் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அவன் தவறையும் அளந்துதான் செய்வான் என்பது ஐம்பது வயதில் தெரிந்தது.

மரக்காணத்தில் எங்கள் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. அடுக்கியவன் நான். பெரிய புத்தகங்கள் கீழே, சிறியவை மேலே. (பார்க்க அவ்வளவு அழகு.) என் மனைவி ஹாஜிரா தினமும் படிக்கும் நாவல்களெல்லாம் கையடக்கமானவை, அவை உச்சித் தட்டுக்குப் போயின. ஒருநாள் அதில் ஒன்றை எடுக்க பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி விழுந்தாள். மணிக்கட்டில் மூன்று வாரம் கட்டு. 'இனி அவள் நாற்காலியில் ஏறக் கூடாது' என்று டைரியில் எழுதி அடிக்கோடிட்டேன்.

ஆகவே ஏணி. கடையில் அலுமினிய மடக்கு ஏணி இரண்டாம் படியிலேயே ஆடியது. (ஆடியது என் முழங்கால் என்றார் கடைக்காரர்.) மர ஏணியை விரித்தால் கூடத்தில் நடக்க இடமில்லை. கடைசியில், அலமாரியின் உச்சியில் நீளமாக ஓர் இரும்புக் குழாய், அதில் மாட்டி உருளும் சக்கர ஏணி என்று படம் வரைந்து தச்சர் ஏழுமலையிடம் கொடுத்தேன்.

"இந்த உப்புக் காத்துக்கு இரும்பு தாங்காதுங்க. ஒரே மாசத்துல சக்கரம் புடிச்சிக்கும்" என்றார்.

எனக்கா தெரியாது? உப்பளத்தை ஒட்டிய எங்கள் தெருவில் பூட்டுக்கு எண்ணெய் போடாதவன் வீட்டுக்குள் போக முடியாது. எந்தக் கீலுக்கு எந்தக் கிழமை எண்ணெய் என்று என்னிடம் பட்டியலே உண்டு. ஏணி வந்த அன்றே குழாய்க்கும் சக்கரங்களுக்கும் தாராளமாக விட்டேன். உருளாமல் நிறுத்தும் கட்டையை மறுநாள் பொருத்துவதாகவும், அதுவரை ஏற வேண்டாம் என்றும் ஏழுமலை சொல்லிவிட்டுப் போனார். அதையும் குறித்துக்கொண்டேன்.

அன்று மாலை, துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஹாஜிராவின் தம்பி ரியாஸ் வந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏழாவது படி வரை ஏறி, பக்கவாட்டில் எட்டி ஒரு நாவலைத் தொட்டேன்.

ஏணி கிளம்பியது. பதினாலு அடி. சத்தமே இல்லை. (அவ்வளவு நல்ல எண்ணெய்.) கோடிச் சுவரில் மோதி நின்றது. நான் உச்சித் தட்டைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கால் இறங்க மறுத்தது.

"மச்சான், டிக்கெட் எடுத்தீங்களா?" என்றான் ரியாஸ்.

"பேசாம ஏணிய புடிடா."

அடுத்து, ஹாஜிரா பிளாஸ்டிக் நாற்காலியை இழுக்கும் சத்தம். ஏறாதே என்று கண்ணைத் திறக்காமலே கெஞ்சினேன். ஏறிவிட்டாள். கட்டுப் போட்டிருந்த அதே கை என் கணுக்காலைப் பிடித்தது.

"வலது கால விடுங்க. கீழ படி இருக்குது. நானும் இருக்கேன்."

காலை மட்டும் மாற்றி, ஒவ்வொரு படிக்கும் அதையே சொன்னாள். தரைக்கு வந்ததும் தண்ணீர் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"ஏங்க, என் புக்க கீழ்த் தட்டுல வெச்சிருந்தா முடிஞ்சிருக்குமே?"

யோசித்துப் பார்த்தேன். முடிந்திருக்கும்.

இப்போது அவள் நாவல்கள் கைக்கெட்டும் தட்டில். உச்சியில் என் பழைய டைரிகள். நான் எதற்காவது தயங்கி நின்றால், அது பல் டாக்டர் வாசலாக இருந்தாலும் சரி, மகளின் கல்யாணப் பேச்சாக இருந்தாலும் சரி, வீட்டில் யாராவது "வலது கால விடுங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். "கீழ படி இருக்குது" என்று இன்னொருவர் தொடர்வார். எல்லோரும் சிரிப்பார்கள்.

கடைசி வரியை மட்டும் ஹாஜிராவுக்கு விட்டுவிடுவார்கள்.